கிரையோ பயாப்ஸி தரும் நுரையீரல் துண்டு: மைக்ரோஸ்கோப் மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

நுரையீரல் இடைத்திசு நோய் என்று தெரிந்தும், சி.டி. ஸ்கேனை வைத்து அது எந்த வகை என்று முடிவு கட்ட முடியாதபோதுதான் திசு தேவைப்படுகிறது. அதை எடுக்க இன்று மூன்று வழிகள் உண்டு. பிராங்கோஸ்கோப் வழியே சிறு இடுக்கியை விட்டுக் கிள்ளி எடுக்கலாம், 2 மி.மீ. அளவில் வரும், பெரும்பாலும் நசுங்கித்தான் வரும். மார்பில் துளையிட்டு, கேமரா விட்டு, நுரையீரலின் ஓரத்தை ஆப்புப்போல வெட்டி எடுக்கலாம். பல சென்டிமீட்டர் வரும், ஆனால் நோயாளி மார்பில் டியூபோடு வார்டில் கிடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிரையோ பயாப்ஸி. மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குளிர்முனையை அனுப்பி, அதன் நுனியில் திசுவை உறைய வைத்து, ஒட்டியதை அப்படியே பிடுங்கி எடுப்பது.

இங்கே எழுதுவது கருவியைப் பிடிப்பவரின் பார்வை இல்லை. துண்டை வாங்கி, ஸ்லைடாக்கி, படித்து, கையெழுத்துப் போடுகிறவரின் பார்வை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து, குறைந்தது மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 5 மி.மீ.க்குக் குறையாமல் வந்தால் கிரையோ மிக நல்ல சேவை. ஒரே துண்டு, அதுவும் 3 மி.மீ. என்றால் நோயாளி மயக்க மருந்தையும் ரத்தக்கசிவு அபாயத்தையும் தாங்கியதற்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. எவ்வளவு நல்ல துண்டானாலும் ஒன்றை மறக்கக் கூடாது: இது மூச்சுக்குழாய் வழியே போய் எடுத்தது. எனவே சிறு மூச்சுக்குழாயைச் சுற்றிய திசுவே அதிகம் வரும். நுரையீரலின் மேலுறையான ப்ளூராவை ஒட்டிய பகுதி குறைவாக வரும், அல்லது வரவே வராது. ஸ்லைடில் தெரிவதையும் தெரியாததையும் இந்தக் கணக்கோடு படிக்கத் தெரிந்தவருக்கே இந்தத் துண்டு முழுப் பயன் தரும்.

வகை பிரிப்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? நடுவயது தாண்டிய ஒருவருக்கு நுரையீரலில் தழும்பு. அது யூஷுவல் இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா, அதாவது யூ.ஐ.பி. அமைப்பாகி, வேறு காரணமும் கிடைக்காவிட்டால் ஐ.பி.எஃப். என்ற, காரணம் தெரியாத தழும்பு நோய்க்கு வந்து நிற்போம். அதற்கு ஸ்டீராய்டு உதவாது. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டையும் அசதயோபிரினையும் அசிட்டைல்சிஸ்டீனோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், அந்த மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடியதால் அந்தப் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2012-ல் வெளியானது. அதே தழும்பு, மூச்சில் போகும் பொருளுக்கு ஒவ்வாமையால் வரும் ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ், அதாவது எச்.பி. என்றால் முதல் வேலை புறாக்கூண்டையோ, பூஞ்சை பிடித்த ஏர் கூலரையோ வீட்டைவிட்டு அகற்றுவது. ஸ்டீராய்டுக்கும் அங்கே இடமுண்டு. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குக் கேடாகும். 27 மருத்துவ மையங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்த இந்திய ஐ.எல்.டி. (நுரையீரல் இடைத்திசு நோய்) பதிவேட்டில், 2017-ல் வெளியான கணக்குப்படி 47.3 சதவீதம் பேருக்கு எச்.பி.; ஐ.பி.எஃப். 13.7 சதவீதம்தான். மேலை நாட்டு வரிசையை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர் ஸ்லைடைப் படித்தால் எச்.பி.யைத் தவறவிடுவோம்.

இனி கருவி. குளிர்முனைக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயு உயர் அழுத்தத்தில் வந்து நுனியில் சட்டென விரியும். விரியும்போது நுனி ஏறத்தாழ மைனஸ் 75 டிகிரி வரை குளிரும். திரும்பப் பயன்படுத்தும் முனைகள் 1.9, 2.4 மி.மீ. அளவிலும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் முனைகள் 1.1, 1.7, 2.4 மி.மீ. அளவிலும் கிடைக்கின்றன. நடுத்தர முனைகளில் 4 முதல் 8 விநாடி உறைய வைப்பது வழக்கம். நேரம் கூடினால் துண்டு பெரிதாகும், ரத்தக்கசிவும் கூடும். வாயு சிலிண்டரில் அழுத்தம் இறங்கியிருந்தால் அதே விநாடிகளுக்குச் சிறிய துண்டுதான் வரும். ஒரு மையத்திலிருந்து வரும் துண்டுகள் திடீரென்று சிறுத்துப்போனால் முதலில் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

துண்டு பிராங்கோஸ்கோப்பின் துளையைவிடப் பெரிதாக இருப்பதால் முனையையும் ஸ்கோப்பையும் சேர்த்தே வெளியே இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே ரத்தம் கசிந்தால் பார்க்கக் கண் இருக்காது. அதனால்தான் முன்கூட்டியே மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, அந்தக் கிளையில் அடைப்பு பலூனை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்கிறார்கள். பலூன் இல்லாமல் செய்யும் இடத்துக்கு, எத்தனை சலுகை கொடுத்தாலும், நோயாளியை அனுப்பக் கூடாது. ஃப்ளூரோஸ்கோப் என்ற நேரடி எக்ஸ்ரேயில் பார்த்து முனையை ப்ளூராவுக்கு 1 செ.மீ. முன்னால் நிறுத்துவது முறை. அதைவிடக் கிட்டப்போனால் நுரையீரல் துளைபட்டுக் காற்று கசியும். தள்ளியே நின்றால் பெரிய குழாயும் குருத்தெலும்புமே வரும், ரத்தக்குழாய் கிழியும் அபாயமும் கூடும். ஸ்லைடில் ப்ளூரா தெரிந்தால் அதை ரிப்போர்ட்டில் எழுதுவதோடு நிற்காமல் பிராங்கோஸ்கோப் செய்தவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

பிடுங்கிய துண்டு முனையில் பனிக்கட்டியாக ஒட்டியிருக்கும். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான். அதைக் காஜ் துணியில் துடைத்து எடுக்கக் கூடாது, இடுக்கியால் உரிக்கவும் கூடாது. அறை வெப்பத்திலுள்ள சலைனில் முனையை முக்கினால் சில விநாடிகளில் துண்டு தானாக விடுபடும். உடனே 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினுக்கு மாற்ற வேண்டும். துண்டைப்போலப் பத்து மடங்கு திரவமாவது இருக்கட்டும். சலைனிலேயே மணிக்கணக்கில் ஊறவிட்டால் மேல்பூச்சுச் செல்களான எபிதீலியம் உரிந்துபோகும். நுரையீரலின் எந்த செக்மென்டிலிருந்து (பகுதியிலிருந்து) எடுத்தது என்று ஒவ்வொரு குப்பியிலும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டு 'வலது நுரையீரல்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், இரண்டு இடங்களிலிருந்து எடுத்ததன் பயனில் பாதி அங்கேயே போய்விடும். ஃபார்மலினில் துண்டு மிதந்தால் உள்ளே காற்றறைகள் உண்டென்று ஓரளவு நம்பலாம். மூழ்கினால் மோசமான துண்டென்று அர்த்தம் இல்லை. தழும்பேறிய நுரையீரலும் மூழ்கும்.

துண்டைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்யும் கிராஸிங் மேசையில் ஒவ்வொரு துண்டையும் அளந்து எழுதி, தனித்தனி கேசட்டில் போட வேண்டும். நழுவிவிடும் என்று ஸ்பாஞ்சுக்கு நடுவே வைத்து அழுத்தும் பழக்கம் நுரையீரலுக்கு ஆகாது. ஸ்பாஞ்சின் விளிம்புகள் குத்தி, முக்கோண வடிவில் ஓட்டைகள் விழும். எம்ஃபிசீமாவோ (காற்றறைகள் சிதைந்து பெருத்தது), தேன்கூடோ (தழும்புக்குள் விழும் சிறு பைகள்) என்று மயங்க வைக்கும். லென்ஸ் தாளில் மடித்து வைத்தால் போதும். 3 முதல் 4 மைக்ரான் தடிமனில், மூன்று மட்டங்களில் எச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயத்துக்கு ஸ்லைடு வெட்டும்போதே, இடையில் சாயமேற்றாத ஸ்லைடுகளையும் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு ஸ்டெயின் கேட்டு பிளாக்கை மறுபடி மைக்ரோடோமில் ஏற்றினால், முகப்பை நேர்செய்வதிலேயே கால்வாசித் திசு சீவிப்போகும். எலாஸ்டிக் ஸ்டெயின், மேசன் ட்ரைகுரோம், பெர்ல்ஸ் இரும்புச் சாயம், கிரானுலோமா என்ற அழற்சி செல் திரள் தெரிந்தால் காசநோய்க் கிருமிக்கு ஜீல்-நீல்சன், பூஞ்சைக்கு வெள்ளிச் சாயம்: இவ்வளவுக்கும் முதல் வெட்டிலேயே ஸ்லைடு கையில் இருக்க வேண்டும்.

இப்போது மைக்ரோஸ்கோப். இந்த வேலைக்கு 2 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மனதார வற்புறுத்திச் சொல்கிறோம். ஐபீஸின் புல எண் 20 என்றால் 4 மடங்கில் கண்ணுக்குத் தெரியும் வட்டம் 5 மி.மீ.தான். 7 மி.மீ. கிரையோ துண்டு அதற்குள் அடங்காது. 2 மடங்கில் வட்டம் 10 மி.மீ.; துண்டு முழுதும் ஒரே பார்வையில் கிடைக்கும். இடைத்திசு நோயில் முதல் கேள்வி 'எந்தச் செல்' என்பது இல்லை, 'எந்த இடம்' என்பதுதான். தழும்பு திட்டுத்திட்டாக இருக்கிறதா, சீராகப் பரவியிருக்கிறதா? குழாயைச் சுற்றியா, நுரையீரலின் சிறு கூறான நுண்மடலின் ஓரத்திலா, இரண்டையும் இணைத்தா? இதை 40 மடங்கில் ஆரம்பித்தவரால் சொல்லவே முடியாது. பெரிய மடங்குக்குப் போவதற்கு முன், துண்டுக்குள் சிறு மூச்சுக்குழாயைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் நுரையீரல் தமனியின் கிளை ஓடும், இரண்டும் ஜோடி. அங்கே நுண்மடலின் நடு. சிரையும் நிணக்குழாயும் ஓடும் தடுப்புச்சுவர் தெரிந்தால் அங்கே ஓரம். இந்த இரண்டையும் அடையாளம் வைத்துக்கொண்டால்தான் மற்றது எல்லாம் பிடிபடும்.

யூ.ஐ.பி.யின் அடையாளம் வயது கலந்திருப்பது. ஒரே துண்டில் பழுத்த தழும்பு, புதுத் தழும்பு, தொடாத நல்ல நுரையீரல் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெடுக்கென்று மாறும். தழும்பு நுண்மடலின் ஓரத்தையும் ப்ளூரா அடியையும் பிடிக்கும். அடர்ந்த இளஞ்சிவப்புக் கொலாஜன், அதன் விளிம்பில், தழும்பை உண்டாக்கும் செல்களின் திரளான ஃபைப்ரோபிளாஸ்ட் முடிச்சு. இந்த முடிச்சைத் தெரிந்துகொள்வது பாதி வேலை. 10 மடங்கில் பார்த்தால் தழும்பின் கரையில், காற்றறைப் பக்கம் லேசாகக் குவிந்த ஒரு வெளிர்நீலத் திட்டு. சுற்றிலும் அடர்சிவப்பு இருக்க, அது மட்டும் நீர் கலந்த பால்போல வெளுத்திருக்கும். 40 மடங்கில் கதிர்வடிவச் செல்கள் மேற்பரப்புக்கு இணையாக, ஒரே திசையில் படுத்திருக்கும். மேலே போர்த்தியிருக்கும் எபிதீலியம் சில இடத்தில் கனசதுரமாகப் பருத்தும், சில இடத்தில் சிலியா என்ற நுண்மயிரோடும் இருக்கும். உள்ளே அழற்சி செல்கள் ஏறக்குறைய இருக்காது.

இதோடு குழம்புவது, காற்றறைக்குள் இளந்திசு வளரும் ஆர்கனைசிங் நிமோனியாவின் மேசன் பாடி. அதுவும் வெளிர்நீலம், அதுவும் கதிர்வடிவச் செல்கள். ஆனால் அது காற்றறைக்குள்ளேயும் குழாய்க்குள்ளேயும் உருண்டையாகவோ கிளைவிட்டோ கிடக்கும். உள்ளே லிம்ஃபோசைட்டுகள் சிதறியிருக்கும். காற்றறையின் சுவர் வெளியே தனியாகத் தெரியும். ஃபைப்ரோபிளாஸ்ட் முடிச்சு சுவரின் பகுதி, மேசன் பாடி அறைக்குள் வந்த விருந்தாளி. சந்தேகம் வந்தால் எலாஸ்டிக் ஸ்டெயின் போடுங்கள்: கறுப்பு நாராகத் தெரியும் சுவர் சூழ்ந்த அறைக்குள் திட்டு இருக்கிறதா, வெளியே தழும்போடு சேர்ந்திருக்கிறதா என்று புரியும். இந்த ஒரு பிழை நடந்தால் ஸ்டீராய்டில் குணமாகக்கூடியவரைத் தீராத நோய்க்காரராக எழுதிவிடுவோம்.

கிரையோ துண்டில் யூ.ஐ.பி. படிக்கும்போதுதான் மேலே சொன்ன கணக்கு வேலை செய்கிறது. ப்ளூரா ஓரம் வராததால் தேன்கூடு பெரும்பாலும் கிடைக்காது. அது இல்லையே என்று யூ.ஐ.பி.யைக் கைவிடக் கூடாது. திட்டுத்திட்டான தழும்பு, ஃபைப்ரோபிளாஸ்ட் முடிச்சு, வேறு நோயைச் சுட்டும் எதுவும் இல்லை: இவ்வளவு கிடைத்தால் 2022 சர்வதேச வழிகாட்டுதல்படி 'யூ.ஐ.பி.யாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று எழுதலாம். 'நிச்சயம்' என்று எழுத ஆசைப்பட வேண்டாம். சி.டி.யோடு சேரும்போது அந்த வார்த்தையே பெரும்பாலும் போதும்.

எச்.பி.யில் அழற்சி மூச்சுக்குழாயை மையமாகக் கொண்டது. எனவே கிரையோ எடுக்கும் இடமும் நோய் இருக்கும் இடமும் பொருந்திப்போகின்றன. தழும்பேறாத நிலையில் மூன்றும் சேர்ந்து வரும்: குழாயைச் சுற்றிக் கனத்தும் விலக விலக மெலிந்தும் போகும் லிம்ஃபோசைட் அழற்சி, சிறு குழாயிலேயே நாள்பட்ட அழற்சி, ஒழுங்காகத் திரளாத சிறு கிரானுலோமா. இந்த கிரானுலோமாவைத் தேடப் பொறுமை வேண்டும். நாலைந்து ஹிஸ்டியோசைட்டுகள் (திசுவிலுள்ள விழுங்கு செல்கள்) தளர்வாகக் கூடி நிற்கும், விளிம்பு இருக்காது, சுற்றிலும் லிம்ஃபோசைட் மூடியிருப்பதால் கண் தாண்டிப்போகும். சில சமயம் கிரானுலோமாவே இல்லாமல் சுவருக்குள் ஒரே ஒரு பல்கரு ராட்சதச் செல், அதற்குள் ஊசிபோன்ற வெற்றுப் பிளவு. கொலஸ்ட்ரால் கரைந்துபோன இடம். இப்படி ஒன்று இடைத்திசுவுக்குள் கிடைத்தால் அதற்கு எடை அதிகம். அதே செல் காற்றறைக்குள் தேங்கிய சளியில் கிடந்தால் எடையில்லை, யூ.ஐ.பி.யிலும் அங்கே அது வரும். மூன்று மட்டங்கள் வெட்டச் சொன்னது இதற்காகத்தான். முதல் மட்டத்தில் இல்லாத கிரானுலோமா மூன்றாவதில் வந்து நிற்கும்.

கடினம் தழும்பேறிய எச்.பி.யில்தான். அதிலும் ஃபைப்ரோபிளாஸ்ட் முடிச்சு வரும், தேன்கூடு வரும், ப்ளூரா ஓரத் தழும்பும் வரும். பிரிக்க உதவுபவை: குழாயை மையமாகக் கொண்ட தழும்பு, குழாயிலிருந்து ப்ளூராவுக்கோ தடுப்புச்சுவருக்கோ பாலம்போல நீளும் தழும்பு, குழாயைச் சுற்றிய காற்றறைகளுக்குள் சிலியா எபிதீலியம் ஊர்ந்து படர்ந்திருப்பது. கடைசியாகச் சொன்ன இந்தப் பெரிபிராங்கியோலார் மெட்டாபிளேசியாதான் கிரையோவில் ஆளை ஏமாற்றுவது. குழாயைச் சுற்றியே துண்டு எடுப்பதால் யூ.ஐ.பி. நோயாளியின் துண்டிலும் அது நிறையத் தெரியும். அதை மட்டும் வைத்து எச்.பி. என்று எழுதிவிட்டால், நோயாளி ஆண்டுக்கணக்கில் பயனில்லாத ஸ்டீராய்டைச் சாப்பிடுவார். கிரானுலோமாவோ இடைத்திசு ராட்சதச் செல்லோ துணைக்கு வேண்டும். இல்லையென்றால், துண்டிலுள்ள குழாய்களில் பெரும்பாலானவை இப்படி மாறியிருக்கின்றனவா, ஒன்றிரண்டு மட்டுமா என்று எண்ணிப் பார்த்து, எண்ணியதை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுவது நேர்மை. குழாயை மையமாகக் கொண்ட தழும்பு இருந்தும் காரணம் கிடைக்காதபோது பயன்பட, 2025-ல் வந்த ஐரோப்பிய–அமெரிக்க வகைப்பாடு பிராங்கியோலோசென்ட்ரிக் இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா என்று ஒரு தனி அமைப்பையே ஏற்றிருக்கிறது. கிரையோ படிப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். தெரியாத காரணத்தை எச்.பி. என்ற பெட்டிக்குள் திணிக்க வேண்டியதில்லை.

கிரானுலோமா கிடைத்தாலே எச்.பி. ஆகிவிடாது. பல உறுப்புகளில் கிரானுலோமா தோன்றும் சார்க்காய்டோசிஸில் அது இறுகத் திரண்டு, விளிம்பு தெளிவாக, சுற்றிலும் கொலாஜன் வளையத்தோடு, நிணக்குழாய் போகும் தடத்தில் முத்து கோத்ததுபோல வரிசை கட்டும். இடையிலுள்ள காற்றறைச் சுவர் மெலிந்து சுத்தமாக இருக்கும். எச்.பி.யில் அந்தச் சுவரே அழற்சியில் வீங்கியிருக்கும். நடுவில் திசு அழுகியிருந்தால் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுக் காசநோயைத் தேடுங்கள். நம் நாட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சாயத்தில் கிருமி தெரியாததால் காசநோய் இல்லையென்று ஆகாது. பயாப்ஸி நாளன்றே ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் கல்ச்சருக்கும் ஜீன் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லி வைப்பதே வழி.

நான்-ஸ்பெசிஃபிக் இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா, அதாவது என்.எஸ்.ஐ.பி., பார்வைக்கு எளிது, நம்புவதற்குக் கடினம். காற்றறைச் சுவர்கள் எல்லாம் ஒரே சீராகத் தடித்து, ஒரே வயதில், நுரையீரலின் வரைபடம் கலையாமல் நிற்கும். ஃபைப்ரோபிளாஸ்ட் முடிச்சு இருக்காது, இருந்தால் அபூர்வம். ஆனால் யூ.ஐ.பி. நுரையீரலிலும் இப்படிச் சீரான பகுதிகள் உண்டு, எச்.பி.யிலும் உண்டு. 6 மி.மீ. துண்டு அந்தப் பகுதியில் விழுந்தால் ஸ்லைடு அப்பட்டமான என்.எஸ்.ஐ.பி.யாகவே இருக்கும். எனவே இரண்டு இடத்துத் துண்டும் ஒரே கதையைச் சொன்னால் மட்டுமே அப்படி எழுதலாம். எழுதும்போதே மூட்டுவாத வகை நோய்களைத் தேட வேண்டும்: முளைமையத்தோடு லிம்ஃபாய்டு திரள்கள், பிளாஸ்மா செல் மிகுதி, ப்ளூரா வந்திருந்தால் அதில் அழற்சி. இவை இருந்தால் வாதநோய் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டில் எழுதுங்கள். சில நோயாளிகளுக்கு மூட்டு வலிக்கு முன்பே நுரையீரல் பேசிவிடும்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் சிறு துண்டிலும் அவை தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். காற்றறைச் சுவரோரம் வழவழப்பான இளஞ்சிவப்புப் படலம் டிஃபியூஸ் ஆல்வியோலார் டேமேஜ், யூ.ஐ.பி.யின் மேல் திடீர் மோசமடைதலாகவும் அது வரும். காற்றறை முழுதும் மணிமணியான சிவப்புப் புரதம் நிரம்பி, சுவர் அமைதியாக இருந்தால் ஆல்வியோலார் புரோட்டீனோசிஸ். பழுப்பு மேக்ரோபேஜ்கள் (விழுங்கு செல்கள்) திரண்டிருந்தால் புகைப்பழக்கத்தைக் கேளுங்கள், பழைய டி.ஐ.பி. (டெஸ்குவாமேட்டிவ் இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா) என்ற பெயருக்குப் பதில் 2025 வகைப்பாடு ஆல்வியோலார் மேக்ரோபேஜ் நிமோனியா என்கிறது. சிஸ்ட் சுவரில் மென்தசைபோன்ற செல்கள் என்றால் எச்.எம்.பி.45 என்ற சாயம் போட்டு லேம் என்ற சிஸ்ட் நோயைத் தேடலாம். நட்சத்திர வடிவத் தழும்போடு ஈயோசினோஃபில் என்றால் சி.டி.1ஏ. என்ற சாயம் போட்டு லாங்கர்ஹான்ஸ் செல் நோயைத் தேடலாம். இவற்றில் ஆர்கனைசிங் நிமோனியா, புரோட்டீனோசிஸ் போன்றவற்றுக்கும், சார்க்காய்டோசிஸுக்கும், இடைத்திசுவில் பரவிய புற்றுக்கும் சாதாரண இடுக்கியே பெரும்பாலும் போதும். அங்கே கிரையோ வீண் துணிச்சல்.

துண்டு எடுத்ததால் உண்டாகும் மாயத்தோற்றங்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிரையோ துண்டின் காற்றறைகளில் புது ரத்தம் நிரம்பியிருப்பது சகஜம், பிடுங்கியபோது கசிந்தது. இரும்பேறிய மேக்ரோபேஜ் இல்லாமல் அதை நுரையீரல் ரத்தக்கசிவு என்று எழுதக் கூடாது. பெர்ல்ஸ் சாயத்திலும் கவனம்: புகைப்பவரின் மேக்ரோபேஜ் மங்கலாகப் பொடிநீலம் காட்டும், பழைய ரத்தக்கசிவு முரட்டு மணிகளாக அடர்நீலம் காட்டும். சரிந்து மடிந்த காற்றறைகள் தழும்புபோலவே தெரியும். எலாஸ்டிக் ஸ்டெயினில் நார்கள் நெருக்கமாக மடிந்து கிடந்தால் அது சுருக்கம்தான், ட்ரைகுரோமிலும் புதுக் கொலாஜன் தெரியாது. இடுக்கித் துண்டில் இந்தத் தொல்லை பல மடங்கு. நசுங்காமல் வருவது கிரையோவின் மிகப் பெரிய பலம் என்றே சொல்வோம்.

அறுவை பயாப்ஸியோடு ஒப்பிட்டால்? ஒரே நோயாளியிடம் இரண்டையும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டு முக்கியமானவை, இரண்டும் வேறு வேறு விடை தந்தன. 2019-ல் வெளியான சிறிய ஆய்வில் 21 நோயாளிகள். பொருத்தம் 38 சதவீதம்தான். 2020-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 65 நோயாளிகள்; திசு அமைப்பில் பொருத்தம் 70.8 சதவீதம், பல்துறைக் கூட்டத்தில் முடிவான நோயறிதலில் 76.9 சதவீதம். இரண்டாவதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொரு எண். கிரையோவை வைத்து நம்பிக்கையோடு நோயைச் சொன்ன 39 பேரில் 37 பேருக்கு அறுவைத் துண்டும் அதையே சொன்னது. நம்பிக்கை குறைந்த 26 பேரில் 6 பேருக்கு அறுவைத் துண்டு விடையை மாற்றியது. ஆக, கிரையோ உறுதியாகப் பேசினால் நம்பலாம். தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் நம்பி, நோயாளியின் உடல் தாங்குமா என்று பார்த்து அடுத்த படியை யோசிக்கலாம். 2022 வழிகாட்டுதலும், அனுபவமுள்ள மையமாக இருந்தால், அறுவைக்குப் பதிலாக கிரையோவை ஏற்கலாம் என்கிறது.

அறுவையின் விலை சிறியதில்லை. அமெரிக்கக் கணக்கில், திட்டமிட்டுச் செய்த அறுவை பயாப்ஸிக்குப் பின் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 1.7 சதவீதம், அவசரமாகச் செய்தவர்களில் 16 சதவீதம். கிரையோவிலும் பத்துப் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் நுரையீரலில் காற்று கசிகிறது, ரத்தக்கசிவும் உண்டு. எஃப்.வி.சி. (மூச்சை முழுதாக ஊதும் அளவு) 50 சதவீதத்துக்கோ டி.எல்.சி.ஓ. (வாயு ரத்தத்துக்குள் போகும் திறன்) 35 சதவீதத்துக்கோ கீழே இறங்கியவரையும், நுரையீரல் தமனி அழுத்தம் கூடியவரையும் பொதுவாக கிரையோவுக்கு அனுப்புவதில்லை. சி.டி.யிலேயே யூ.ஐ.பி. தெளிவாகத் தெரிந்து, வயதும் வரலாறும் பொருந்தினால் யாருக்கும் எந்தத் துண்டும் எடுக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கோரிக்கைப் படிவம். 'ஐ.எல்.டி., தயவுசெய்து பார்க்கவும்' என்று ஒற்றை வரியோடு வரும் துண்டிலிருந்து நல்ல ரிப்போர்ட் வராது. வயது, புகை, வேலை, வீட்டிலோ பக்கத்து மொட்டைமாடியிலோ புறா, ஏர் கூலர், அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட், நைட்ரோஃபுரன்டாயின் போன்ற மருந்துகள், ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை முடிவு, சி.டி. அறிக்கை, எந்த செக்மென்ட்: இவ்வளவும் வேண்டும். ஆனால் படிக்கும் வரிசை முக்கியம். முதலில் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு 2 மடங்கில் ஸ்லைடைப் பார்த்து, அமைப்பை ஒரு வரியில் எழுதிவிட்டு, பிறகு படிவத்தைத் திருப்புங்கள். புறா என்று படித்த கண்ணுக்கு எங்கும் கிரானுலோமாவாகத்தான் தெரியும். இரண்டாம் கருத்து கேட்டு அனுப்ப நேர்ந்தால், ஸ்லைடோடு சி.டி. படங்கள் அடங்கிய தட்டும், சாயமேற்றாத பத்து ஸ்லைடும் சேர்த்து அனுப்புங்கள். பிளாக் உங்களிடமே இருக்கட்டும்.